குமுளிச் சாவடியைத் தாண்டினால் என்ன மாறும்? மத்திய–மாநில அதிகாரம் குறித்து ஓர் எளிய விளக்கம்

தேனி மாவட்டத்துக் கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வழியாக மலைச்சாலையில் ஏறினால் கேரளத்தின் குமுளி வந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் குமுளியை வேற்று மாநிலமாக நினைப்பது அபூர்வம். ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில் ஜீப்பேறிப் போய்ப் பொழுது சாயும்போது இறங்கிவிடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல், கொண்டான் கொடுத்தான் உறவு எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. இருந்தாலும் சோதனைச்சாவடியைக் கடந்ததும் சில விஷயங்கள் சட்டென்று மாறிவிடும். கீழே டாஸ்மாக், மேலே கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோ. கீழே லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும்; மேலே பஸ் ஸ்டாண்டு ஓரத்திலேயே மேசை போட்டு விற்பார்கள். பெட்ரோல் மேலே விலை கூடுதல் என்பதால் ஜீப்புக்காரர்கள் கம்பத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். பள்ளிப் பாடப்புத்தகம் வேறு, நிலப்பதிவு முறை வேறு, ரேஷன் கடையில் கிடைப்பது வேறு.

மாறாமல் இருப்பவையும் நிறைய. ரூபாய் நோட்டு அதேதான். தபால், வங்கி, செல்போன், பாஸ்போர்ட், வருமான வரி எதற்கும் குமுளிச் சாவடி ஒரு பொருட்டில்லை. ஏலக்காய் ஏலம் ஒரு பக்கம் போடியிலும் இன்னொரு பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. இரண்டுக்கும் மேலே இருப்பது மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்.

எல்லை தாண்டினால் மாறுபவை பெரும்பாலும் மாநில அரசின் கையில் இருப்பவை, மாறாதவை மத்திய அரசின் கையில் இருப்பவை. அரசியலமைப்பைத் திறந்தே பார்க்காதவரும் இதை வைத்துப் பாதியைப் புரிந்துகொள்ளலாம். மீதிப் பாதிதான் சிக்கலானது. செய்தித்தாளில் வரும் சண்டைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் எளிய பாதி. எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்பதை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ராணுவம், வெளியுறவு, ரயில்வே, நாணயம், தபால் போன்றவை மத்தியப் பட்டியலில். போலீஸ், பொது அமைதி, நிலம், விவசாயம், மதுபானம், உள்ளாட்சி, மருத்துவமனை ஆகியவை மாநிலப் பட்டியலில். குற்றவியல் சட்டம், திருமணம், தொழிலாளர் நலன், மின்சாரம் போன்றவை இருவரும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில். 1950-ல் இந்தப் பட்டியல்களில் முறையே 97, 66, 47 இனங்கள் இருந்தன. எந்தப் பட்டியலிலும் இல்லாத புது விஷயம் ஒன்று முளைத்தால் அது மத்திய அரசுக்குப் போகும். அமெரிக்காவில் இப்படி எஞ்சி நிற்பது மாநிலங்களுக்குப் போகும். நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் தராசை எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

லாட்டரியை எடுத்துக்கொள்வோம். மேலே உண்டு, கீழே இல்லை என்பதால் இது மாநில விஷயம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கேரளம் 1967-ல் சொந்த லாட்டரியைத் தொடங்கியது, தமிழ்நாடு அடுத்த ஆண்டே தொடங்கியது. 1998-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒரு மாநிலம் விரும்பினால் மற்ற மாநிலங்களின் லாட்டரியைத் தன் எல்லைக்குள் தடுக்கலாம் என்று இடம் கொடுத்தது. 2003-ல் தமிழ்நாடு லாட்டரியையே ஒழித்தது. ஆக, குமுளியில் வாங்கிய சீட்டைக் கம்பத்தில் விற்க முடியாமல் இருப்பது, மாநிலத்துக்கு டெல்லி கொடுத்த அனுமதியால். பட்டியலை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்ப்பது நல்லது. சட்டம் போடுவது ஒரு அதிகாரம், அதை நடத்துவது வேறு அதிகாரம். 2024 ஜூலை 1 முதல் கூடலூர் காவல் நிலையமும் குமுளி காவல் நிலையமும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற ஒரே குற்றவியல் சட்டத்தின் கீழ்தான் வழக்குப் போடுகின்றன. சட்டம் நாடாளுமன்றத்தில் பிறந்தது. வழக்குப் போடும் சப்-இன்ஸ்பெக்டரில் ஒருவர் சென்னைக்குப் பதில் சொல்பவர், மற்றவர் திருவனந்தபுரத்துக்கு. டெல்லி போட்ட சட்டங்களில் கணிசமானவை இப்படி மாநில ஊழியர்களின் கைகள் வழியாகத்தான் ஊருக்குள் வந்து சேருகின்றன.

இதைக் கம்பத்துக்காரர்கள் 2023 மே மாதம் கண்ணாலேயே பார்த்தார்கள். கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்துக்கொண்டிருந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை ஏப்ரல் 29-ம் தேதி கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு மே 27 அன்று கம்பம் நகரத் தெருவுக்குள் வந்து நின்றது. இப்போது அது தமிழ்நாட்டின் பொறுப்பு. ஜூன் 5-ம் தேதி தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு–முண்டந்துறையில் கொண்டுபோய் விட்டது. இரண்டு முறையும் பயன்பட்ட சட்டம் ஒன்றுதான், 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அது மத்திய சட்டம். ஆனால் யானையைப் பிடிக்க உத்தரவு போடும் அதிகாரத்தை அந்தச் சட்டம் அந்தந்த மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் கொடுத்திருக்கிறது. யானை எல்லையைக் கடந்ததும் உத்தரவு போட வேண்டிய அதிகாரியும் மாறிவிட்டார்.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1972-ல் வன உயிரினம் மாநிலப் பட்டியலில் இருந்தது. நாடாளுமன்றம் தானாக அதில் கைவைக்க முடியாது. பல மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே சட்டம் வந்தது. நான்கு வருடம் கழித்து, அவசரநிலைக் காலத்தில், 42-வது திருத்தம் காடு, வன உயிரினம், கல்வி உள்ளிட்ட ஐந்து விஷயங்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதன் பிறகு மாநிலங்களைக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனது. இன்றைக்கு நடக்கும் கல்விச் சண்டைகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பொதுப்பட்டியலில் இருவரும் சட்டம் போட்டு, இரண்டும் மோதினால் யார் சட்டம் நிற்கும்? 254-வது பிரிவின்படி மத்திய சட்டம்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. மாநிலம் தன் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் இன்று ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறப்பது இந்த வழியில்தான். மிருகவதைத் தடுப்புச் சட்டம் மத்திய சட்டம். 2017-ல் தமிழ்நாடு அதற்கு ஒரு திருத்தம் போட்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே வழியில் நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்ட மசோதாவும் போனது. 2021-ல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022-ல் மறுபடி நிறைவேறி டெல்லிக்குப் போன அந்த மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரே பிரிவு, ஒரே மாநிலம், இரண்டு மசோதா, இரண்டு வேறு முடிவு. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்பது நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் முடிவு. எனவே இந்த விதிவிலக்கு எவ்வளவு தூரம் மாநிலத்தின் உரிமை, எவ்வளவு தூரம் டெல்லியின் மனசு என்று கேட்டால், என் கணக்கில் பெரும்பகுதி மனசுதான்.

சரி, இனி முல்லைப் பெரியாறு அணைக்கு வருவோம். கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு கூட்டாட்சி பற்றி எழுதிவிட்டு அணையைப் பேசாமல் போனால் ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். அதோடு, சட்டம், இடம், பணம், பாதுகாப்பு என்று எல்லா முடிச்சும் ஒரே இடத்தில் விழுந்திருப்பதும் இங்கேதான்.

1886 அக்டோபரில் திருவிதாங்கூர் சமஸ்தானம் 999 வருடக் குத்தகைக்கு நிலத்தைச் சென்னை மாகாணத்துக்குக் கொடுத்தது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, தேனி, மதுரை தொடங்கி ராமநாதபுரம் வரை போகிறது. அணை நிற்கும் பீர்மேடு தாலுகா இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அணையை இயக்குவது தமிழ்நாட்டின் நீர்வளத்துறை. சுற்றியுள்ள காடு பெரியாறு புலிகள் காப்பகம்.

தண்ணீர் யாருடைய அதிகாரம்? மாநிலப் பட்டியலின் 17-வது இனம் தண்ணீர், பாசனம், அணைக்கட்டு எல்லாவற்றையும் மாநிலத்துக்குக் கொடுக்கிறது. அதே இனத்தில் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: மத்தியப் பட்டியலின் 56-வது இனத்துக்கு உட்பட்டே இது செல்லும். மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அந்த 56 நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. இடது கையால் கொடுத்து வலது கையால் பிடித்துக்கொண்ட அதிகாரம் என்று சொல்லலாம்.

1979-ல் பாதுகாப்புக் காரணம் காட்டி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்தபின், 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டு, பெரியாறு அணைக்கு 136 அடிதான் என்று எழுதிவிட்டது. தன் மண்ணில் இருக்கும் அணையின் பாதுகாப்பைப் பற்றிச் சட்டம் போட ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லையா என்பது கேரளத்தின் கேள்வி. அணைக்குக் கீழ்ப்பக்கம் கேரளத்தில் வாழும் மக்களை நினைத்தால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு வழக்கில் தோற்றபின் தீர்ப்பையே சட்டத்தால் மாற்றி எழுத முடியுமா என்பதுதான் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி. இரண்டு மாநிலங்கள் ஒன்றோடொன்று மோதும்போது 131-வது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாடு அப்படிப் போனது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு கேரளச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பை மீறுவதற்காகச் சட்டமன்றம் சட்டம் போட முடியாது என்பதே அதன் சாரம். சட்டமன்றத்துக்கு மேலே இன்னொரு அரசு இல்லாத இடத்தில்கூட நீதிமன்றம் இருக்கிறது. பட்டியல்களில் பெயர் இல்லாத மூன்றாவது தரப்பு அது.

வழக்கில் ஜெயித்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பக்கத்தில் உள்ள பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் கேரள வனத்துறை அதிகாரி அனுமதி கொடுத்தார். அங்கே பெரிய அரசியல் புயல் கிளம்பி, சில நாட்களிலேயே அந்த அனுமதி ரத்தானது. அணை தமிழ்நாட்டின் பொறுப்பில், மரம் கேரளக் காட்டில், மரத்தைக் காப்பது மத்திய சட்டம். அதிகாரம் இப்படிச் சிதறிக் கிடக்கும்போது வேலையைச் செய்யும் அதிகாரத்தைவிடத் தடுக்கும் அதிகாரம்தான் எல்லோரிடமும் தாராளமாக இருக்கிறது.

அதே வருடம் டிசம்பரில் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால், அதன் பாதுகாப்பு மேற்பார்வை தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் கைக்குப் போகும் என்கிறது அது. எந்த அணைகளை நினைத்து எழுதியது என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று வித்தியாசம் இல்லாமல் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். இரண்டு மாநிலங்கள் நீண்டகாலம் சண்டை போட்டால் கடைசியில் இருவருடைய அதிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றாவது இடத்துக்கு நகர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. பெரியாறு அந்தத் திசையில்தான் போகிறது.

அடுத்து பணம். பட்டியலில் எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் கையில் காசில்லாமல் அதை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 2017 ஜூலை 1-க்கு முன்னால் குமுளிச் சாலையில் சரக்கு லாரிகள் விற்பனை வரிச் சாவடியில் வரிசை கட்டி நின்றது பலருக்கு நினைவிருக்கும். ஜிஎஸ்டி வந்தது, அந்தச் சாவடி போனது. கூடவே, விற்பனைக்கு என்ன வரி போடுவது என்று தனியாக முடிவெடுக்கும் மாநிலத்தின் உரிமையும் பெருமளவு போனது. இப்போது அந்த முடிவு ஜிஎஸ்டி கவுன்சிலில். அதில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டால் புரியும்: எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் டெல்லி இல்லாமல் எதுவும் நடக்காது. டெல்லியும் மாநிலங்கள் இல்லாமல் தனியாக எதையும் செய்ய முடியாது. ஆனால் தடுக்க டெல்லி ஒன்றே போதும், மாநிலங்களுக்கோ கூட்டம் சேர்க்க வேண்டும்.

அந்தக் கவுன்சிலில் முதல்முதலாக வாக்கெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில். விஷயம் என்ன தெரியுமா? லாட்டரி வரி. மாநில அரசே நடத்தும் லாட்டரிக்குக் குறைந்த வரி வேண்டும் என்று கேரளம் நின்றது; எல்லாவற்றுக்கும் 28 சதவீதம் என்று முடிவானது. குமுளி பஸ் ஸ்டாண்டில் விற்கும் சீட்டுக்காகத்தான் நாட்டின் வரிக் கூட்டத்தில் முதல்முதலாகக் கைகள் எண்ணப்பட்டன. கவுன்சிலின் பரிந்துரை நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டாயப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. நடைமுறையில் எந்த மாநிலமும் தனி வழி போகத் துணியவில்லை.

பெட்ரோலும் குடிக்கும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. எல்லையின் இரண்டு பக்கமும் விலை மாறுவதற்கும், மாநிலங்கள் அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க மறுப்பதற்கும் அதுதான் காரணம். சொந்தமாகக் கையை வைக்கக்கூடிய பெரிய வரிகளில் மிஞ்சியவை அவை.

மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகுதியிலிருந்து மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை நிதிக்குழு பரிந்துரைக்கும். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு 41 சதவீதம் என்றது. அந்த 41-ஐ 100 ரூபாயாக வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டுக்கு வந்தது 4 ரூபாய் 8 காசு, கேரளத்துக்கு 1 ரூபாய் 93 காசு. 1990-களின் பிற்பாதியில் கேரளத்தின் பங்கு 3 ரூபாய் 88 காசாக இருந்தது. வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம், மக்கள்தொகைக்குத் தக்கபடி பங்கு என்ற கணக்கில், குழந்தைப் பிறப்பைக் கட்டுப்படுத்தியும் வருமானத்தை உயர்த்தியும் வந்த மாநிலங்களின் பங்கு சுருங்கியது. அதோடு, செஸ் என்றும் கூடுதல் வரி என்றும் வசூலிப்பதை மாநிலங்களோடு பகிரத் தேவையில்லை. பெட்ரோலில் மத்திய அரசு எடுப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். 41 சதவீதம் என்று தலைப்புச் செய்தி வரும்போது, எதில் 41 என்று கேட்டுப் பழகுவது நல்லது.

கடன் வாங்கலாமே என்றால் அதற்கும் 293-வது பிரிவு இருக்கிறது. மத்திய அரசுக்குப் பழைய பாக்கி உள்ள மாநிலம் புதுக் கடன் வாங்க மத்திய அரசின் சம்மதம் வேண்டும். கடன் வரம்பைக் குறைத்துவிட்டார்கள் என்று கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரியாறு வழக்கில் பயன்பட்ட அதே 131-வது பிரிவு. 2024 ஏப்ரலில் அந்த வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

அணையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு மாநிலங்களும் ஆளுநர் விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கிடப்பில் போட்டால் என்ன செய்வது என்று இரண்டுமே வழக்குப் போட்டன. தமிழ்நாட்டு வழக்கில் 2025 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் காலக்கெடு விதித்து, 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றார்கள். நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், அப்படிக் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ நீதிமன்றத்தால் முடியாது, ஆனால் காரணமே இல்லாமல் முடிவின்றி இழுத்தடித்தால் தலையிடலாம் என்றார்கள்.

ஆட்சியையே கலைக்கும் 356-வது பிரிவையும் இரண்டு பக்கமும் பட்டறிந்திருக்கின்றன. கேரளத்தில் 1959-ல் நம்பூதிரிபாடு அரசு, தமிழ்நாட்டில் 1976-லும் 1991-லும் திமுக அரசு. 1994-ல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கின் தீர்ப்பு, பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும், கலைப்பு உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம் என்று சொன்ன பிறகு அந்த ஆயுதம் மிகவும் மழுங்கிவிட்டது. சமநிலை டெல்லிப் பக்கமாகவே நகர்கிறது என்று புலம்புபவர்கள் எதிர்த்திசையில் நடந்த இந்த நகர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு பேசிய எல்லைக்கோடே மாநிலங்கள் போட்டதில்லை. 3-வது பிரிவின்படி மாநில எல்லையை மாற்றுவது நாடாளுமன்றம். மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதன்படி நடக்க வேண்டியதில்லை. தமிழர்கள் பெருவாரியாக இருந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிப் போராட்டம் நடந்தும், 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தோடு நின்றன. கன்னியாகுமரியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. அன்று பீர்மேடு இந்தப் பக்கம் வந்திருந்தால் அணை வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

இந்த மாதிரிச் சண்டைகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்க்க அரசியலமைப்பே ஓர் இடம் வைத்திருக்கிறது. 263-வது பிரிவின் கீழ் 1990-ல் அமைந்த மாநிலங்களுக்கு இடையேயான மன்றம் அது. பிரதமரும் முதலமைச்சர்களும் உட்கார வேண்டிய அந்த மன்றத்தின் 10-வது கூட்டம் 2006-ல் நடந்தது, 11-வது கூட்டம் 2016-ல். குழுக்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய–மாநில உறவை ஆராயத் தமிழ்நாடு 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்தது, மத்திய அரசு 1983-ல் சர்க்காரியா, 2007-ல் பூஞ்சி ஆணையங்களை அமைத்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு மறுபடி ஒரு குழு போட்டது. தலைவர் கேரளத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப். மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போன விஷயங்களைத் திரும்பப் பெற வழி சொல்வது அந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. அப்படித் திருப்பி எடுக்க இன்னொரு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பாதி மாநிலங்களின் ஒப்புதலும் தேவை.